பேதியைக் கட்டாத நாள்

மலையாளச் சீமையின் எல்லையோரம், பெருமாட்டிப் பக்கம் அந்தத் தோட்டத்து வளவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் சுப்பாத்தாளின் கையில் மூக்கைக் கொடுக்காமல் தப்பித்தவர்கள் யாரும் கிடையாது. கடலைக்காய் பறிப்பு முடிந்ததும் பச்சைக் கடலையாகத் தின்று வயிறு உப்பித் திரிகிற பிள்ளைகளை, ஒரு நாள் விடிகிற நேரத்துக்குப் பெற்றவர்களே இழுத்து வந்து அவள் வாசலில் நிறுத்துவார்கள். "சாமி, வாயத் தொற" என்று ஒரு தரம் சொல்வாள். இரண்டாம் தரம் சொல்கிற வழக்கம் இல்லை. இடது கை மூக்கைப் பிடிக்கும், வலது கையிலிருக்கிற சங்கு வாய்க்குள் சாயும், விளக்கெண்ணெய் உள்ளே போன பிறகுதான் பிள்ளைக்கு அழவே வாய் கிடைக்கும். அதையும் ஒரு துண்டுக் கருப்பட்டியை வைத்து அடைத்துவிடுவாள்.

ஆமணக்கை அங்கே கொட்டமுத்து என்பார்கள். வேலியோரம் விளைந்த கொட்டமுத்தைத் தானே வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதக்கிற எண்ணெயை வழித்து ஜாடியில் வைத்துக்கொள்வாள். கடை எண்ணெயை அவள் நம்பியதில்லை. கடைக்காரனையும் நம்பியதில்லை.

எண்ணெய் கொடுத்ததோடு அவள் வேலை முடிந்துவிடாது. பிள்ளைகளை வேலியோரம் உட்கார வைத்து, எத்தனை தரம் போயிற்று, என்ன நிறத்தில் போயிற்று, பூச்சி விழுந்ததா என்று எட்டிப் பார்த்துப் பார்த்து நிற்பாள். பேதி போகும்போது தண்ணீர் கேட்டால் கிடையாது. தண்ணீர் உள்ளே போனால் பேதி நிற்காது என்பது அவள் மாமியார் காலத்திலிருந்து அந்த வீட்டில் யாரும் மறுத்துப் பேசாத கட்டளை. ஈரத் துணியை உதட்டில் ஒற்றி எடுப்பாள், அவ்வளவுதான். பொழுது உச்சிக்கு வந்ததும் சுடுதண்ணீரில் குளிக்க வைத்து, குழைய வடித்த சோற்றில் மிளகு ரசத்தை ஊற்றிப் பிசைந்து ஊட்டி, அதன் மேல் மோர்ச் சோறும் ஊட்டிய பிறகுதான் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவாள். அதற்குப் பேதியைக் கட்டுவது என்று பேர். கட்டாமல் ஒரு பிள்ளையும் அவள் வாசலைத் தாண்டியதில்லை. "அவுத்துடறது ஆரு வேணாலும் செய்யலாம், கட்டத் தெரியோணும்" என்பாள். பெற்றவர்கள் அவசரப்பட்டு வந்து கூப்பிட்டால் வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள்.

அந்த நாட்களில் அவள் புருஷன் குப்பண்ணன் மட்டும் வீட்டில் இருக்க மாட்டார். விடியுமுன்பே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தென்னந்தோப்புக்குப் போய்விடுவார். சாப்பாட்டுக்குக்கூட வரமாட்டார். "கவுண்டிச்சி தப்பித் தவறி நம்ம மூக்கையும் புடிச்சிருவான்னு கவுண்டருக்குப் பயமுங்க" என்று வளவில் கேலி பேசுவார்கள். அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். சுப்பாத்தாளும் அப்படித்தான் நினைத்திருந்தாள். ஆறடி ஆள், கொட்டமுத்து எண்ணெயின் வாடைக்கு ஓடுகிறாரே என்று அவளுக்குக் கொஞ்சம் இளப்பமும் உண்டு.

அவள் எதற்காக இந்த வேலையைத் தலையில் போட்டுக்கொண்டாள் என்பது வளவில் வயதானவர்களுக்குத் தெரியும். அவளுக்கு முதலில் பிறந்த பையன், அப்புசாமி, நடை பழகி ஓடித் திரிகிற வயதில் பேதியில் போனவன். மாமியார் மருதாத்தாள் கையால்தான் அன்றைக்கு எண்ணெய் கொடுத்தது. எண்ணெய் கொடுத்தபோதே வயிற்றில் வேறு ஏதோ கோளாறு இருந்திருக்க வேண்டும். பேதி அன்றைக்கும் நிற்கவில்லை, மறுநாளும் நிற்கவில்லை. வயிற்றைக் காயப்போட்டால் தானாக நிற்கும் என்று மாமியார் சோறும் கொடுக்கவிடவில்லை, தண்ணீரும் கொடுக்கவிடவில்லை. மறுநாள் சாயங்காலம் பையன் போய்விட்டான். அதே வாரத்தில் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக்கும் அதே மாதிரிப் பேதி போயிற்று. அந்தத் தாய் பயந்துபோய் ரசச் சோற்றைக் கரைத்து ஊட்டினாள். அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. சோறு ஊட்டியிருந்தால் தன் பிள்ளையும் பிழைத்திருப்பான் என்று சுப்பாத்தாள் அன்றைக்கு முடிவு கட்டினாள். மாமியார் கண்ணை மூடியதும் எண்ணெய் ஜாடியும் சங்கும் அவள் கைக்கு வந்தன. அதற்குப் பிறகு அந்த வளவில் கட்டாத பேதி என்று ஒன்று இருந்ததில்லை.

அப்புசாமியைப் பற்றி அவளும் குப்பண்ணனும் பேசிக்கொள்வதில்லை. அவனுக்குப் பின்னால் பிறந்த மகன் வளர்ந்து, பூவாத்தாளைக் கட்டிக்கொண்டு வந்து, குடும்பம் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

ஊரார் வயிற்றையெல்லாம் எட்டிப் பார்த்தவள் தன் வயிற்றை மட்டும் மூடி மூடி வைத்திருந்தாள். வெளிக்குப் போகும்போது ரத்தம் போக ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மூலம் என்று தானே தீர்மானித்து, துத்திக் கீரையை விளக்கெண்ணெயில் வதக்கித் தின்றுகொண்டிருந்தாள். ரத்தம் நிற்கவில்லை. ஆள் வெளுத்துக்கொண்டே வந்தாள். வாய்க்கால் மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கியது. யாராவது கேட்டால், "வயசாகுல?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கண்டுபிடித்தது மருமகள் பூவாத்தாள்தான். துவைக்கிற கல்லில் மாமியாரின் சேலையை விரித்துப் பார்த்துவிட்டு, ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"அத்தை, இது என்னுங்க?"

"மூலச் சூடு. போயி வேலையப் பாரு."

"போன வாரமும் இருந்துச்சுங்க. அதுக்கு முந்தின வாரமும் இருந்துச்சு. நீங்களே சொல்றீங்களா, நான் மாமாகிட்டச் சொல்லட்டுங்களா?"

பூவாத்தாள் அதிகம் பேசாத பெண். அவள் பேசிவிட்டால் அப்புறம் அதிலிருந்து நகர மாட்டாள் என்பது சுப்பாத்தாளுக்குத் தெரியும். மென்று முழுங்கி, அன்று சாயங்காலமே புருஷனிடம் சொன்னாள். குப்பண்ணன் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. மறுநாள் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, "கெளம்பு" என்றார்.

எழுபத்தெட்டாம் வருஷம் அது. கோயமுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வெளிநாட்டில் படித்து வந்த டாக்டர் ஒருவர், அங்கிருந்து ஒரு குழாயையும் கொண்டுவந்திருந்தார். நுனியில் விளக்கு வைத்த, பாம்பு மாதிரி வளைகிற கறுப்புக் குழாய். அதைக் கீழ் வழியாக உள்ளே விட்டு, மறு முனையில் டாக்டர் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தால் பெருங்குடல் முழுக்கத் தெரியும் என்றார்கள். இந்தச் செய்தியைக் கேட்டதும் சுப்பாத்தாள் எழுந்து வெளியே போகப் பார்த்தாள். குப்பண்ணன் கதவருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்ததால் முடியவில்லை.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். குடலில் ஒரு துளி மலம் இருந்தாலும் குழாயில் ஒன்றும் தெரியாது. அதனால் முந்தின நாள் முழுக்கச் சோறு, பலகாரம் எதுவும் கூடாது. பால் கலக்காத காப்பி, இளநீர், சர்க்கரைத் தண்ணீர் மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். சாயங்காலம் விளக்கெண்ணெய் குடிக்க வேண்டும். விடிந்ததும் ஒன்றும் சாப்பிடாமல் வந்தால் இங்கே எனிமா கொடுத்துக் கழுவிவிடுவார்கள்.

விளக்கெண்ணெய் என்ற வார்த்தையைக் கேட்டதும் சுப்பாத்தாளுக்குப் பாதிப் பயம் போய்விட்டது. மீதிப் பயம் இருந்த இடத்தில் ஏளனம் வந்து உட்கார்ந்தது.

"ஏனுங்க, பேதிக்குக் குடிக்கறதுக்கு எனக்கே பாடம் நடத்தறாரு" என்று பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். "சாயங்காலம் குடிக்கோணுமாம். பொளுது எறங்குனதுக்கப்பறம் ஆராச்சும் பேதிக்குக் குடிப்பாங்களா? படிச்சிட்டா ஆச்சா?"

"அவரு சொன்ன மாதிரிச் செஞ்சிரு புள்ள" என்றார் குப்பண்ணன்.

"செய்யாம? சுத்தமா இருக்கோணும், அவ்வளவுதான? என்னைய உட்டா இந்த ஜில்லாவுல ஆரு அதச் செய்வாங்க?"

அவள் செய்தது இதுதான். முந்தின நாள் சாயங்காலம் குடிக்க வேண்டிய எண்ணெயை அன்று விடியற்காலையிலேயே குடித்தாள். தன் மூக்கைத் தானே பிடித்துக்கொண்டாள். குப்பண்ணன் வழக்கம்போலத் தோப்புக்குப் போய்விட்டார். பேதி நன்றாகவே போயிற்று. கடைசியில் வெறும் தண்ணீராகப் போனதை அவளே பார்த்துத் திருப்திப்பட்டாள். உச்சிப் பொழுதுக்கு உடம்பு தள்ளாடியது, நாக்கு ஒட்டிக்கொண்டது. இளநீரைப் பூவாத்தாள் வெட்டிக்கொண்டு வந்து நீட்டியபோது, "பேதி நிக்கறதுக்கு முன்ன தண்ணியா? கொன்னு போடப் பாக்கறயா?" என்று தள்ளிவிட்டாள். பிறகு குளித்து, இலையைப் போட்டு உட்கார்ந்தாள்.

பூவாத்தாள் வாசற்படியில் நின்றாள். "அத்தை, சோறு கூடாதுன்னாங்களாம்."

"அவரு நாளைக்குத்தான பாக்கறாரு? கட்டாத வவுத்தோட நான் எப்படிப் பஸ் ஏறுவேன்? வேலந்தாவளம் செக்போஸ்ட்டுல பஸ்ஸ நிறுத்துவானுங்க, அங்க போயி நான் எங்க ஒதுங்குவேன்?"

அது ஒரு காரணம்தான். மெய்யான காரணம் அவளுக்கு வாயில் வரவில்லை. அவிழ்த்துவிட்ட வயிற்றோடு ஒரு இரவைக் கழிக்க அவளுக்குப் பயமாக இருந்தது. வயிறு அப்படித் திறந்து கிடந்த இரவு ஒன்றுதான் அவளுக்குத் தெரியும், அதற்கு மறுநாள் பிள்ளை இல்லை. ரசத்தை ஊற்றிப் பிசைந்து நன்றாகச் சாப்பிட்டாள். மோர்ச் சோறும் சாப்பிட்டாள். அப்போதுதான் உயிர் வந்தது போல இருந்தது.

மறுநாள் கோயமுத்தூரில், ஒரு ஊசி போட்டு அரை மயக்கத்தில் ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். டாக்டர் குழாயை விட்டுக் கண்ணை வைத்தார். கொஞ்ச நேரத்தில் கண்ணை எடுத்துவிட்டார்.

"அம்மா, நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க."

"உள்ளே ஒரு கறிவேப்பிலை முழுசா கிடக்குதே."

மயக்கத்திலும் அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "பேதியக் கட்டறதுக்கு ஒரு வாய் ரசச் சோறு தின்னேனுங்க" என்றாள்.

டாக்டருக்குக் கோபம் வந்தது, வந்ததை மறைக்கவும் இல்லை. குழாயைக் கழுவி வைக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்து குப்பண்ணனைத் தனியே கூப்பிட்டார். ரத்தம் போகிற இடம் மேலே இருக்கிறது, அதுவரை போகவே முடியவில்லை, இது மூலம் இல்லை, கட்டியாக இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம், தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை என்றார். குழாய்க்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள். அடுத்த முறை ஒரு மாதம் கழித்துத்தான். இந்தத் தடவை முந்தின நாளே வந்து படுத்துவிட வேண்டும், எல்லாம் நர்ஸ் கண் முன்னால் நடக்க வேண்டும்.

பஸ்ஸில் குப்பண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கறிவேப்பிலைக்காக ஒரு மாதத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டோம் என்பது சுப்பாத்தாளுக்குப் புரிந்திருந்தது. வேலந்தாவளம் தாண்டியபோது, "புத்தா இருக்குமோன்னு சொன்னாருங்களா?" என்று கேட்டாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பதில் அதிலேயே இருந்தது.

அந்த மாதத்தில் அவள் யார் பிள்ளைக்கும் எண்ணெய் கொடுக்கவில்லை. கேட்டு வந்தவர்களிடம் எண்ணெய் தீர்ந்துபோச்சு என்று சொல்லி அனுப்பினாள். ஜாடி நிறைய இருந்தது.

இரண்டாம் முறை போனபோது, கக்கூஸுக்குப் பக்கத்துக் கட்டிலாகப் பார்த்து அவளைப் படுக்க வைத்தார்கள். துணைக்குப் பூவாத்தாள் இருந்தாள். நர்ஸ் ஏலியாம்மா கோட்டயத்துப் பக்கத்துக்காரி. கோயமுத்தூருக்கு வந்து கற்றுக்கொண்ட தமிழ், பாதி மலையாளமாகவே இருக்கும். பெருமாட்டிக்காரிக்கு அது ஒரு சிரமமும் இல்லை. சிரமம் அவளுடைய எண்ணெயில்தான் இருந்தது. கடை எண்ணெய், ஆரஞ்சுச் சாற்றில் கலந்து கொடுத்தாள். மத்தியானம் தாண்டிய நேரம் வேறு. வாசமே இல்லாத இந்த எண்ணெய் எங்கே வேலை செய்யப் போகிறது என்று நினைத்துக்கொண்டே சுப்பாத்தாள் குடித்தாள்.

வேலை செய்தது. கட்டிலுக்கும் கக்கூஸுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். முதலில் வெட்கம் இருந்தது, அப்புறம் அதற்கும் நேரம் இல்லை. ஒவ்வொரு முறையும் ஏலியாம்மா எட்டிப் பார்த்து, "இனியும் போகட்டே" என்பாள். வேலியோரம் நின்று தான் பார்த்த பார்வை அது என்று சுப்பாத்தாளுக்குத் தெரிந்தது. அந்தப் பார்வைக்கு இந்தப் பக்கம் இருப்பது எப்படி இருக்கும் என்று இத்தனை நாள் நினைத்துப் பார்த்ததில்லை.

பிறகு ஏலியாம்மா ஒரு பெரிய டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"வேண்டாமுங்க சிஸ்டர். தண்ணி குடிச்சா பேதி நிக்காது."

"நிக்கண்டா அம்மே. நிக்காம இருக்கணும்னு தானே மருந்து தந்தது?"

சுப்பாத்தாள் டம்ளரைக் கையால் தள்ளிவிட்டாள். ஏலியாம்மா வேறு கட்டில்களைப் பார்க்கப் போனாள். அடுத்த முறை எழுந்தபோது சுப்பாத்தாளுக்குக் கண் இருட்டியது. கக்கூஸ் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாள். பூவாத்தாள் கத்தினாள். இரண்டு பேருமாகத் தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். நாக்கு மரக்கட்டையாக இருந்தது. கைத்தோலைக் கிள்ளினால் கிள்ளியபடியே நின்றது.

"பேதியக் கட்டீருங்க சிஸ்டர்" என்றாள் சுப்பாத்தாள். அழுகிறாள் என்பது பூவாத்தாளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மாமியார் அழுது அவள் பார்த்ததே கிடையாது. "ஒரு பிடி சோறு போட்டுக் கட்டீருங்க. இல்லீன்னா என்ற பையன் போன மாதிரி நானும் போயிருவேன்."

ஏலியாம்மா சோறு போடவில்லை. கொதித்து ஆறிய தண்ணீரில் சர்க்கரையும் உப்பும் கலக்கிக் கொண்டுவந்து, கட்டிலில் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் கையில் தாங்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். மூக்கைப் பிடிக்கவில்லை. ஒரு டம்ளர் முடிந்ததும் இன்னொன்று கலக்கினாள். அது பாதி போவதற்குள் சுப்பாத்தாளுக்குக் கண் தெளிந்தது. வயிறு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் உயிர் போகவில்லை. வயிறு ஓடுகிறது, ஆள் தெம்பாக உட்கார்ந்திருக்கிறாள். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் என்பது அவள் கணக்கிலேயே இல்லாத விஷயம்.

"பேதியில ஆள் போறது பேதியால இல்லம்மே" என்றாள் ஏலியாம்மா, டம்ளரைத் துடைத்துக்கொண்டே. தண்ணீருக்கு அவள் பேச்சில் வெள்ளம். "வெள்ளம் போறதுனாலயாக்கும். உடம்பில் உள்ள வெள்ளமும் உப்பும் எல்லாம் எறங்கிப் போகும். போற அளவுக்கு உள்ளே கொடுத்தா ஒண்ணும் ஆகாது."

"நாங்க ரசச் சோறு குடுப்பமுங்க. அதுல நின்னுரும்."

"ரசத்தில் என்ன உண்டு? வெள்ளமும் உப்பும். மோரிலும் அது தானே? சோறு வெறுதே, சும்மா கூடப் போறது."

சுப்பாத்தாள் தலையைத் தூக்கினாள்.

"கொழந்தைங்களுக்கும் அப்படித்தானுங்களா?"

"குழந்தைக்குத்தான் முதல்ல. வெள்ளம் கொடுக்காம வெச்சா குழந்தை ஒரு நாள்கூடத் தாங்காது."

ஏலியாம்மா அதை யாரையும் நினைத்துச் சொல்லவில்லை. வார்டில் தினமும் சொல்கிற விஷயம். சொல்லிவிட்டு எனிமா டப்பாவை எடுத்துவரப் போனாள். சுப்பாத்தாள் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள். மடியில் கிடந்து, "அம்மா தண்ணி, அம்மா தண்ணி" என்று கேட்டுக்கொண்டே இருந்த ஒரு குரலை அவள் எத்தனையோ வருஷமாகக் கேட்காமல் இருந்தாள். இப்போது கேட்டது. அவன் சோறு கேட்கவே இல்லை என்பதும் நினைவுக்கு வந்தது. அப்புறம் ஏலியாம்மா நீட்டியபோதெல்லாம் குடித்தாள். வெறும் வயிற்றோடு, கட்டாத பேதியோடு, விடிகிற வரை கிடந்தாள்.

மறுநாள் டாக்டர் குழாயில் கண்ணை வைத்துவிட்டு எடுக்கவே இல்லை. "ரொம்ப சுத்தம்" என்றார் பக்கத்திலிருந்த ஏலியாம்மாவிடம். இடது பக்கம் மேலே, காம்போடு ஒரு கட்டி நெல்லிக்காய் அளவில் தொங்கிக்கொண்டிருந்தது. ரத்தம் அதிலிருந்துதான். குழாய் வழியாகவே ஒரு கம்பிச் சுருக்கை விட்டு, காம்பில் மாட்டி, கரண்ட் வைத்துச் சுட்டு எடுத்தார். கெட்ட கட்டி மாதிரித் தெரியவில்லை, இருந்தாலும் பரிசோதனைக்கு அனுப்புகிறேன், இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்றார். பரிசோதனை முடிவும் பிறகு நல்லதாகவே வந்தது. அதை இங்கேயே சொல்லிவிடலாம்.

உச்சிப் பொழுதுக்குக் குப்பண்ணன் தூக்குப் போசியோடு வந்தார். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த முகத்தில் ஒரு மாதமாக இல்லாத களை இருந்தது. சிங்காநல்லூரில் இருக்கிற தங்கை வீட்டில் சொல்லி, குழைய வடித்த சோறும் மிளகு ரசமும் வாங்கி வந்திருந்தார். பூவாத்தாளை ஹோட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுப் போசியைத் திறந்தார்.

"டாக்டரு சோறு திங்கலாம்னுட்டாரு. கட்டிக்கோ" என்றார்.

"மொதல்ல தண்ணி குடுங்க."

அவர் கை நின்றுவிட்டது. "இன்னும் நிக்கலியாமே, பூவாத்தா சொன்னா. ஓடற வவுத்துல தண்ணியா? நீதான புள்ள எப்பவும் வேண்டாம்பே?"

"அது தப்புங்க" என்றாள் சுப்பாத்தாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் குப்பண்ணன் கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். நர்ஸ் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். ஆள் போவது பேதியால் இல்லை, தண்ணீர் போவதால். போகப் போகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும்.

குப்பண்ணன் கூஜாவிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். டம்ளர் நிரம்பிக் கட்டில் மேல் வழிந்தது.

"கொழந்தைக்குமா?" என்றார்.

"கொழந்தைக்குத்தான் மொதல்லயாம்."

அவர் டம்ளரோடு ஸ்டூலில் உட்கார்ந்தார். வேட்டி நனைந்ததைக் கவனிக்கவில்லை.

"அன்னிக்கு மத்தியானம்" என்று ஆரம்பித்தார். "நீயும் எங்கம்மாளும் துணி அலசக் கெணத்துக்குப் போயிருந்தீங்க. பையன் தண்ணி தண்ணின்னு என்ற கையப் புடிச்சு இழுத்தான். எனக்கு மனசு கேக்குல. சொம்புலருந்து ரண்டு மொடக்கு குடுத்துட்டேன். மூணாவது கேட்டான். எங்கம்மா வர்ற சத்தங் கேட்டுச்சு. சொம்பக் கீழ வெச்சுட்டேன். சாயங்காலம் போயிட்டான்."

சுப்பாத்தாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நாந்தான் கொன்னு போட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன் புள்ள. உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் எண்ணெ குடுக்கற அன்னிக்கு, ஏதாவது ஒண்ணு தண்ணி தண்ணின்னு அழுகும். என்னால அங்க இருக்க முடியாது."

எண்ணெய் வாடைக்குப் பயந்து தோப்புக்கு ஓடுகிறார் என்று ஊரோடு சேர்ந்து தானும் சிரித்த நாட்கள் எல்லாம் சுப்பாத்தாளுக்கு ஒவ்வொன்றாக வந்தன. அவர் கையைப் பிடித்தாள். பிள்ளை போன அன்றைக்குக்கூட அவள் அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

"நீங்க கொல்லலீங்க" என்றாள். "மூணு பேரு இருந்தோம் அந்த ஊட்டுல. பெத்தவ நானு, ஒரு வாய் குடுக்குல. நீங்க ஒருத்தருதான் அவனுக்குக் குடுத்திருக்கறீங்க."

"பத்தலியே புள்ள."

"பத்துலதானுங்க. ஆனா குடுத்தீங்க."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஆறடி ஆள் குலுங்கியதில் ஸ்டூல் ஆடியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நோயாளி தெம்பாக இருக்க, துணைக்கு வந்தவர் அழுவது அவர்களுக்கு விளங்கவில்லை. சுப்பாத்தாள் அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிப் பாதியைக் குடித்தாள். மீதியை அவர் வாயருகே கொண்டுபோய், "குடிங்க" என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். அவர் குடித்தார். அதற்குப் பிறகுதான் அவள் ரசத்தைச் சோற்றில் ஊற்றினாள்.